பாட்டின் வரியை யார் மாற்றலாம்? முற்போக்குச் சபைகளின் புதிய ஞானப்பாட்டுகள்

2013-ல் அமெரிக்காவின் பிரெஸ்பிட்டேரியன் சபை 'குளோரி டு காட்' என்ற புதிய பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. 800-க்கும் மேற்பட்ட பாட்டுகள், பல ஆண்டு உழைப்பு. ஆனால் பத்திரிகைகள் பேசியதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இடம்பெறாத ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான்.

அது 2001-ல் எழுதப்பட்ட 'இன் கிரைஸ்ட் அலோன்'. கீத் கெட்டி, ஸ்டூவர்ட் டவுனெண்ட் என்ற இருவர் சேர்ந்து செய்தது. உலகம் முழுக்க ஆங்கிலச் சபைகளில் ஒலிக்கிற பாட்டு. அதில் ஒரு வரி, இயேசு சிலுவையில் இறந்தபோது கடவுளின் கோபம் ஈடுகட்டப்பட்டுத் தீர்ந்தது என்று சொல்கிறது. புதிய புத்தகத்தைத் தொகுத்த குழு அந்த இடத்தில் 'கடவுளின் அன்பு மேன்மையடைந்தது' என்று பொருள்படும் வரியைப் போட விரும்பியது. 2010-ல் வந்த ஒரு பாப்டிஸ்ட் பாட்டுப் புத்தகத்தில் அந்த மாற்று வரி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதற்கு எழுதியவர்களின் சம்மதம் இருக்கும் என்று குழு நினைத்துக்கொண்டது. கேட்டுப் பார்த்தால், முடியாது என்று பதில் வந்தது. அப்புறம் வாக்கெடுப்பு: சேர்க்கலாம் என்று 6 பேர், வேண்டாம் என்று 9 பேர். பாட்டு வெளியே போய்விட்டது.

ஒரு வரிக்காக மக்கள் விரும்பும் பாட்டையே தூக்கி எறிவார்களா என்று பலர் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சற்று அடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

## 'முற்போக்கு' என்று யாரைச் சொல்கிறார்கள்?

முற்போக்குக் கிறிஸ்தவம் என்பது தனிச் சபைப் பிரிவு அல்ல. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், லுத்தரன், கத்தோலிக்கர் என எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் ஓடும் ஒரு போக்கு. வேதாகமத்தை வரலாற்றுப் பின்னணியோடு வாசிப்பது, அறிவியலோடு சண்டை போடாமல் இருப்பது, பெண்களுக்கும், ஓரினச்சேர்க்கையாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கும் சபையில் சம இடம் கேட்பது, சந்தேகத்தைப் பாவமாகக் கருதாமல் இருப்பது, சமூக நீதியை நம்பிக்கையின் மையத்தில் வைப்பது ஆகியவை இதன் பொது அடையாளங்கள். அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் ஆயர் ஜான் ஷெல்பி ஸ்பாங் (1931–2021) இந்தப் போக்கின் உரத்த குரல்களில் ஒருவர்.

இப்படிச் சிந்திக்கும் போதகருக்கு ஞாயிறு காலையில் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். பிரசங்கத்தைத் தன் மனசாட்சிப்படி எழுதிவிடலாம். பிரசங்கம் முடிந்ததும் பாட வேண்டிய பாட்டு 1750-ல் எழுதப்பட்டதாக இருக்கும். சபையார் பிரசங்கத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துவிடுவார்கள். பாட்டைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள். ஒரு சபை உண்மையில் என்ன நம்புகிறது என்று அறிய அதன் விசுவாச அறிக்கையைவிட அதன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதே நல்லது. பாட்டு விஷயத்தில் இத்தனை சூடு கிளம்புவது இதனால்தான்.

## எந்தச் சொற்கள் உறுத்துகின்றன?

1. மனிதரைக் குறிக்கும் சொற்கள். 'மென்', 'பிரதர்ஸ்', 'சன்ஸ்' என்று ஆண்பாலில் சொல்லி எல்லோரையும் குறிப்பதாக வைத்துக்கொள்வது ஆங்கிலத்தின் பழைய வழக்கம். மாற்றங்களில் எளிதானது இதுதான். இன்று பழமைவாதச் சபைகள் பலவும்கூட இதில் பெரிதாகச் சண்டை போடுவதில்லை.

2. கடவுளைக் குறிக்கும் சொற்கள். சிக்கல் இங்கேதான் கூடுகிறது. பிரிட்டிஷ் பாடலாசிரியர் பிரையன் ரென் 1980-களில் பழைய ஞானப்பாட்டுகளில், அதாவது சபையார் சேர்ந்து பாடும் பாட்டுகளில், கடவுளுக்கு வரும் உருவங்களை அலசினார். அரசர், சர்வவல்லவர், தந்தை, காப்பவர் என்ற ஒரே கூட்டுப் படம் திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டினார். வேதாகமத்திலேயே பிள்ளையைத் தேற்றும் தாய், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழி, பாறை, காற்று என்று உருவங்கள் கொட்டிக் கிடக்கும்போது ஒன்றை மட்டும் பாடுவானேன் என்பது அவர் கேள்வி. 'தந்தை'யை எடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் தாயையும் முதியவரையும் இளைஞரையும் உட்கார வைத்தார். எதிர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

3. சிலுவைக்குத் தரும் விளக்கம். 2013 சண்டையின் வேர் இது. இயேசுவின் மரணம் எப்படி மீட்பாகிறது என்பதற்குக் கிறிஸ்தவ மரபில் ஒரே பதில் இருந்ததில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம், மனிதன் கடவுளின் மாண்புக்குச் செய்த குறையைக் கிறிஸ்து ஈடுகட்டினார் என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்ட், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித மனதை மாற்றுகிறது என்பதை முன்னே வைத்தார். 16-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள் அன்செல்மின் 'ஈடு' என்பதைத் 'தண்டனை' என்று இறுக்கினார்கள்: நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார். கோபமுற்ற தந்தை மகனைப் பலியாக வாங்கி ஆறினார் என்ற படம் வன்முறையைப் புனிதமாக்குகிறது என்பது முற்போக்காளர் வாதம். அதனால் குழுவுக்கு 'கோபம்' என்ற சொல்லைவிட, அது ஈடு பெற்றுத் தீர்ந்தது என்பதே உறுத்தியது. இப்போது அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அன்செல்ம் வழி வந்தது, மற்றது அபெலார்ட் வழி வந்தது. தொள்ளாயிரம் வருடத்துத் தகராறு ஒரே அசைக்கணக்கில், ஒரே இயைபில் எதிரெதிரே நிற்கிறது. 'சாட்டிஸ்ஃபைட்' (ஈடு பெற்றது) இருந்த இடத்தில் 'மேக்னிஃபைட்' (மேன்மையடைந்தது) கச்சிதமாகப் பொருந்தியதால்தான் மாற்றலாம் என்ற ஆசையே வந்தது.

4. விட்டுப்போன பொருள்கள். மண், நீர், போர், அகதிகள், குடும்ப வன்முறை, மறதி நோய், விவாகரத்து எல்லாம் மக்கள் வாழ்வில் இருக்கின்றன. பழைய புத்தகத்தில் இல்லை, அல்லது தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. இவற்றைத் திருத்தத்தால் கொண்டுவர முடியாது. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

## திருத்துவது புதிய கெட்டபழக்கமா?

இல்லை. இன்று 'மரபு' என்று கட்டிக்காக்கப்படும் பாட்டுகளில் பலவும் திருத்தப்பட்டவையே.

இங்கிலாந்தில் அரசுச் சபையில் சேராத சுதந்திரச் சபைகள் வேதாகமத்தின் சங்கீதங்களை மட்டுமே பாடிக்கொண்டிருந்த காலத்தில், மனிதர் எழுதிய பாட்டைச் சபையில் பாடலாம் என்று துணிந்தவர் ஐசக் வாட்ஸ் (1674–1748). 1707-ல் அவர் புத்தகம் வந்தபோது அதுவே புதுமை. 1719-ல் சங்கீதங்களையும் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் மாற்றி எழுதினார். அவர் 'எங்கள் கடவுளே' என்று தொடங்கிய ஒரு பாட்டை 'ஓ கடவுளே' என்று மாற்றியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அதே ஜான் வெஸ்லி, 1780-ல் மெதடிஸ்ட் பாட்டுப் புத்தகத்துக்கு எழுதிய முன்னுரையில், தன் பாட்டுகளையும் தம்பி சார்லஸின் பாட்டுகளையும் பிறர் திருத்துவதைப் பற்றிக் கடுமையாகப் புலம்பினார். சரி, மனித சுபாவம்தானே.

தம்பி சார்லஸ் 1739-ல் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு, வானமண்டலம் முழங்குவதாகத்தான் தொடங்கியது. இன்று எல்லோரும் பாடும் 'ஹார்க் தி ஹெரால்ட் ஏஞ்சல்ஸ்' என்ற தொடக்கம் 1753-ல் போதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் செய்த திருத்தம்.

நீதி உணர்வால் வெட்டுவதும் புதிதல்ல. 1848-ல் சிசில் ஃபிரான்சிஸ் அலெக்சாண்டர் குழந்தைகளுக்கு எழுதிய படைப்புப் பாட்டில், பணக்காரன் கோட்டையிலும் ஏழை அவன் வாசலிலும் இருப்பது கடவுள் வகுத்த ஏற்பாடு என்று ஒரு கண்ணி உண்டு. 1906-ல் வெளியான 'இங்கிலிஷ் ஹிம்னல்' அதை விட்டுவிட்டது. இன்று அந்தக் கண்ணியை விரும்பிப் பாடும் சபையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆக, பாட்டைத் திருத்தலாமா என்ற கேள்விக்கு வரலாறு என்றோ பதில் சொல்லிவிட்டது. யார் திருத்தலாம் என்பதுதான் இன்னும் ஓயாத கேள்வி.

## மெட்டின் கணக்கு

புதிய பாட்டு சபைக்குள் நுழையும் வழி புரிய வேண்டுமானால் ஆங்கில ஞானப்பாட்டின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் அசைக்கணக்கு உண்டு. முதல் வரியில் 8 அசை, அடுத்ததில் 6, மீண்டும் 8, 6 என்று வந்தால் அது 'காமன் மீட்டர்'. எல்லா வரியும் 8 என்றால் 'லாங் மீட்டர்'. 6, 6, 8, 6 என்றால் 'ஷார்ட் மீட்டர்'. பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் இந்த எண்களின்படி மெட்டுகளின் பட்டியல் இருக்கும்.

இதன் பலன்: சொல்லும் மெட்டும் தனித்தனிச் சரக்கு. 'அமேசிங் கிரேஸ்' சொற்கள் 1779-ல் அச்சாயின. இன்று நாம் கேட்கும் மெட்டு 1835-ல்தான் அதோடு சேர்ந்தது. எண்ணும் அழுத்தமும் பொருந்தினால் எந்தச் சொல்லையும் எந்த மெட்டிலும் உட்கார வைக்கலாம். தெம்மாங்கு மெட்டில் தேர்தல் பாட்டு எழுதும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முற்போக்குச் சபைகளுக்கு முன்னே இருப்பவை மூன்று வழிகள்:

1. பழைய பாட்டின் சொற்களை ஆங்காங்கே மாற்றுவது.
2. பழைய மெட்டுக்கு முழுதும் புதிய சொற்கள் எழுதுவது.
3. சொல், மெட்டு இரண்டையும் புதிதாகச் செய்வது.

முதல் வழி மலிவானது; ஆனால் அதிக எரிச்சலைக் கிளப்புவதும் அதுதான். அமெரிக்காவின் யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 1995-ல் 'நியூ செஞ்சுரி ஹிம்னல்' புத்தகத்தில் இதை மிகத் தாராளமாகச் செய்தது. கொள்கையை ஏற்றவர்களே, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் நடுவழியில் நாக்கு தடுக்கி விழுவதைப் பற்றிக் குறைப்பட்டார்கள். அடக்க ஆராதனையில் பாதிப் பேர் பழைய சொல்லையும் மீதிப் பேர் புதிய சொல்லையும் பாடினால் அங்கே யார் மனமும் ஆறாது.

மூன்றாவது வழி அழகானது. ஆனால் சபை அதைக் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது வழிதான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தெரிந்த மெட்டு கையைப் பிடித்துக் கூட்டிப்போக, புதிய சிந்தனை அதன் பின்னாலேயே உள்ளே வந்துவிடுகிறது. இதன் எல்லை எதுவரை என்பதற்கு ஓர் உதாரணம் டொராண்டோவின் வெஸ்ட் ஹில் யுனைட்டட் சபை. அதன் போதகர் கிரெட்டா வாஸ்பர் தன்னை நாத்திகர் என்றே அறிவித்துக்கொண்டவர். 2016-ல் கனடா யுனைட்டட் சர்ச்சின் விசாரணைக் குழு அவர் ஊழியத்துக்குப் பொருத்தமற்றவர் என்றது. 2018-ல் இரு தரப்பும் சமரசமாகி அவர் பணியில் தொடர்ந்தார். கடவுள் என்ற சொல்லே விடைபெற்ற அந்தச் சபையிலும் சேர்ந்து பாடுவது நிற்கவில்லை. பழைய மெட்டுகளில் புதிய சொற்கள் ஏறின.

## 1960-க்குப் பின் வந்த அலை

ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1962 முதல் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் கூடிப் பேசத் தொடங்கியதை ஆங்கில ஞானப்பாட்டின் மறுபிறப்பு என்பார்கள். நெதர்லாந்தில் பிறந்து, நாஜி ஆக்கிரமிப்பில் வளர்ந்த ஃபிரெட் கான் (1929–2009), இங்கிலாந்தின் பிளிமத்தில் போதகராக இருந்தபோது தன் பிரசங்கத்துக்கு ஏற்ற பாட்டு புத்தகத்தில் இல்லாததால் தானே எழுதத் தொடங்கினார். மெதடிஸ்ட் போதகர் ஃபிரெட் பிராட் கிரீன் (1903–2000) அறுபது வயதைத் தாண்டிய பிறகே முழுமூச்சாக ஞானப்பாட்டு எழுதினார். பாட்டுப் புத்தகக் குழுவில் அமர்ந்தபோது எந்தெந்தப் பொருளுக்குப் பாட்டு இல்லை என்பது தெரிந்தது, அந்த ஓட்டைகளை அடைக்கச் சொன்னார்கள்.

1938-ல் ஜார்ஜ் மெக்லியோட் தொடங்கிய அயோனா சமூகம் என்ற ஸ்காட்டிஷ் கிறிஸ்தவக் குழுவிலிருந்து, 1980-களில் ஜான் பெல்லும் நண்பர்களும் ஸ்காட்டிஷ் நாட்டுப்புற மெட்டுகளில் பாட்டுகள் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பிறந்த பாட்டுகளையும், கருவி இல்லாமல் வாயாலேயே கற்றுக்கொடுத்துப் பரப்பினார்கள். இது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆர்கனும் பயிற்சி பெற்ற பாடகர் குழுவும் இல்லாத சபைக்கும் புதிய பாட்டு போய்ச் சேர்ந்தது இதனால்தான்.

நியூசிலாந்தின் ஷெர்லி எரீனா மர்ரே (1931–2020) இந்த அலையின் கடைசிப் பெரிய பெயர். அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் கோடைகாலத்தில் வரும். ஆனால் சபைகள் பனியையும் உறைந்த நீரையும் பற்றிப் பாடிக்கொண்டிருந்தன. மர்ரே தன் நாட்டின் பருவத்துக்கே கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினார். பூமியை மென்மையாகத் தொடச் சொல்லும் அவரது சூழலியல் பாட்டு பல நாடுகளின் பாட்டுப் புத்தகங்களில் ஏறியது. சொந்த மண்ணின் வெயிலைப் பாட்டுக்குள் கொண்டுவருவதும் இறையியல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

## புதிய பாட்டும் பழசாகும்

அதே மர்ரே 1998-ல் எழுதிய 'ஃபார் எவ்ரிஒன் பார்ன்' முற்போக்குச் சபைகளின் கீதம் என்றே சொல்லலாம். பிறந்த ஒவ்வொருவருக்கும் பந்தியில் இடம் உண்டு என்பது அதன் சாரம். ஆனால் அதன் ஒரு கண்ணியில், கொடுமை செய்தவருக்கும் கொடுமைக்கு ஆளானவருக்கும் அதே பந்தியில் இடம், மன்னிக்க வேண்டிய தேவை என்று வருகிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணை இதைப் பாடச் சொல்வீர்களா என்று முற்போக்காளர்களுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. பல சபைகள் அந்தக் கண்ணியை விட்டுவிட்டே பாடுகின்றன. 'பெண்ணுக்கும் ஆணுக்கும்' என்று தொடங்கும் இன்னொரு கண்ணியும், அந்த இரண்டுக்குள் அடங்காதவர்களை வெளியே நிறுத்துகிறது என்று பின்னர் கேள்விக்குள்ளானது. அமெரிக்க–கனடா ஹிம் சொசைட்டி என்ற ஞானப்பாட்டுச் சங்கம் 2019-ல் பால்புதுமையினர் சார்ந்த ஏறக்குறைய 50 பாட்டுகளைத் தனித் தொகுப்பாக வெளியிட்டபோது, அதற்கான தேவை இப்படித்தான் வளர்ந்திருந்தது.

வாட்ஸின் சொற்கள் பழசாக இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது. இங்கே இருபது வருடமே போதுமாக இருந்தது. எல்லோரையும் சேர்க்கும் பட்டியல் ஒன்றைப் பாட்டில் போட்டால், அடுத்த தலைமுறை அதில் விட்டுப்போன பெயரைத்தான் முதலில் பார்க்கும். பட்டியலை நம்பாமல் உருவகத்தை நம்பிய பாட்டுகள் நீண்ட நாள் ஓடும் என்றே தோன்றுகிறது.

## இறந்தவர் பாட்டு, இருப்பவர் பாட்டு

2013 கதையில் பலர் கவனிக்காத முடிச்சு காப்புரிமை. பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டும், இந்தியாவில் 60 ஆண்டும் படைப்புக்குக் காப்பு உண்டு. சார்லஸ் வெஸ்லி 1788-ல் இறந்தார். அவர் பாட்டை யாரும் எப்படியும் வெட்டி ஒட்டலாம். கெட்டியும் டவுனெண்டும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் 'இல்லை' என்றால் இல்லைதான். விளைவு விசித்திரமானது: பழமையான பாட்டு நெகிழ்கிறது, புதிய பாட்டு கல்லாக நிற்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு சந்தையும் இருக்கிறது. சி.சி.எல்.ஐ. என்ற அமைப்பு 1988 முதல் சபைகளுக்குப் பாட்டு உரிமம் வழங்குகிறது. சபை ஆண்டுக் கட்டணம் செலுத்தும். பாடிய பாட்டுகளைக் கணக்குக் காட்டும். எழுதியவர்களுக்கும் வெளியீட்டாளர்களுக்கும் பங்கு போகும். அதிகம் பாடப்படுபவை எவை என்ற பட்டியலும் அதிலிருந்தே வருகிறது. அந்தப் பட்டியலின் உச்சியில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன், பாஷன் போன்ற பெரும் சபை–இசை நிறுவனங்களின் பாட்டுகளே நிறைந்திருக்கின்றன. ஒளி, ஒலி, காணொளி என்று அவற்றுக்கு இருக்கும் பலம், நூறு பேர் கூடும் முற்போக்குச் சபையின் பாடலாசிரியருக்குக் கிடையாது. அதனால் வாரம் முழுக்க ஒரு இறையியலைப் பேசிவிட்டு, ஞாயிறன்று இளைஞர்கள் கேட்டார்கள் என்று இன்னொன்றைப் பாடும் சபைகள் நிறைய உண்டு.

## தமிழில் இந்தக் கேள்வி எப்படி வருகிறது?

ஆங்கிலத்தின் சிக்கலை அப்படியே தமிழுக்குத் தூக்கிவர முடியாது. 'ஹீ' என்ற சொல்லோடு அவர்கள் மல்லுக்கட்டும்போது, நம்மிடம் 'அவர்' இருக்கிறது. இலக்கணப்படி அது ஆணுமல்ல, பெண்ணுமல்ல. 'கடவுள்' என்ற சொல்லிலும் பால் விகுதி இல்லை. 'தேவன்', 'மனுஷன்', 'குமாரன்' என்று -அன் விகுதி வரும்போதுதான் ஆண் வந்து உட்காருகிறார். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்', பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்றிருந்த இடத்தில் 'கடவுள்' என்றும், பல இடங்களில் 'மனுஷன்' என்பதற்கு 'மனிதர்' என்றும் எழுதி, ஆங்கிலத்தில் பெரும் போராக நடந்ததைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டது. ஆவியின் கதை இன்னும் சுவையானது. எபிரேயத்தில் 'ரூவாக்' பெண்பால், கிரேக்கத்தில் 'நியூமா' அலிப்பால், லத்தீனில் ஆண்பால். தமிழில் 'ஆவி' அஃறிணை என்பதால், மரியாதைக்காக 'ஆவியானவர்' என்று உயர்திணைக்கு ஏற்றிப் பாடுகிறோம்.

தமிழில் உறுத்தியது வேறு: பாட்டின் பேச்சும் இசையும் யாருடையவை என்ற கேள்வி. பாமாலைகள் ஐரோப்பிய மெட்டில் வந்த மொழிபெயர்ப்புகள். கீர்த்தனைகள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வழி, இராகமும் தாளமும் கொண்டு வந்தவை. இரண்டிலும் சேரிக்காரரின் பேச்சும் தாளமும் இல்லை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பறட்டை' என்ற பெயரில் இதை நேராக எதிர்கொண்டார். நாட்டுப்புற இசையில், ஊர்ப் பேச்சில் வழிபாட்டுப் பாட்டுகளைக் கட்டினார். கடவுளை 'பெத்தவரே' என்று அழைத்தார். தாயா தந்தையா என்று பிரிக்கத் தேவையில்லாத, எந்த வீட்டிலும் புழங்கும் சொல். மேற்கில் குழு போட்டு வாக்கெடுத்துத் தேடியது இங்கே வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாக்கினார். சாதி பார்த்துத் தனித்தனியாக உண்ணும் ஊரில் அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்பது பாடுகிறவருக்கே தெரியும்.

நாட்டுப்புற மரபில் பாட்டு பாடுகிறவரின் சொத்து. ஊருக்கு ஊர் வரி மாறும், கண்ணி கூடும், குறையும். அந்த நெகிழ்வுதான் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் இறையியலைத் தாங்களே எழுதிக்கொள்ளும் இடம் என்பது அப்பாவுவின் அணுகுமுறை. அவர் பாட்டுகளைக் கிராமத்துச் சபைகள் தங்கள் வாய்க்கேற்ப மாற்றிப் பாடும்போது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.